இரு சக்கரத்தில் திருமயம்

சைக்கிள் விடக் கற்றவர் யாரும் அதை மறப்பதில்லை என்பார்கள். அது வாஸ்தவந்தான். ஆனால் சைக்கிளைப் பற்றி அணுவளவும் தெரிந்துகொள்ளாமலே ஆயுள் முழுதும் சைக்கிள் விட முடியும் என்பதும் அதே அளவுக்கு வாஸ்தவம். நாம் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்களாகவே இருந்துவந்தோம். ஒன்பதாவது வயதில் வாடகைக் கடைச் சைக்கிளில், உயரம் எட்டாமல், குறுக்குத் தண்டுக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட நாள் முதலாக, நாற்பத்து நான்கு வயது வரையில் நமக்குத் தெரிந்த சைக்கிள் சாஸ்திரம் இரண்டே இரண்டு தான். காற்று இறங்கினால் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏறி வரவேண்டும்.

இந்த அஞ்ஞானம் நம்மை எவ்வளவு தூரம் தலைகுனிய வைத்தது என்பதையும், அதற்குப் பிராயச்சித்தமாக நாம் திருச்சிராப்பள்ளியிலிருந்து திருமயம் வரையில் மேற்கொண்ட ஒரு சிறு யாத்திரையையும் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம்.

ஒரு மாட்டுக் கொட்டகையில்

திருச்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் நாம் சரித்திரம் போதிக்கிறோம். பதினோராம் வகுப்பில் ஒரு பெண், வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி, மார்கழி மாதத் தொடக்கத்திலிருந்து வரவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. இம்மாதிரி சந்தர்ப்பங்களில் உபாத்தியாயர்களின் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘கலியாணம் நிச்சயமாகிவிட்டதோ?’ என்ற பயத்துடன் நாமும், விஞ்ஞான உபாத்தியாயரான நம் நண்பரும் ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அவளுடைய வீட்டுக்குப் போனோம்.

கலியாணமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மாட்டுக் கொட்டகையின் மூலையில் அவளுடைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அரசாங்கம் வழங்கிய சைக்கிள் அது. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இந்தத் திட்டம் பின்னர் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பஸ் எட்டாத எத்தனையோ கிராமங்களிலிருந்து பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வருவது அதனால்தான். ஆனால் இந்தச் சைக்கிளின் பின் சக்கரம் அப்பளம் போல் வளைந்திருந்தது. ஐந்து போக்ஸ் கம்பிகள் அறுந்திருந்தன. குற்றம் செய்தவர் கொடுத்தவரும் அல்ல, கட்டியவரும் அல்ல. காற்றுக் குறைந்த டயரோடு, தம்பியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, அவள் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறாள். முதல் கம்பி அறுந்தபோது கவனித்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கவனிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“புதுச் சக்கரம் போடணும்னு கடையிலே சொன்னாங்க ஸார். அறுவடை முடியட்டும்னு அப்பா சொல்றாங்க” என்றாள் அந்தப் பெண்.

அறுவடை தை மாதத்தில். அதற்குள் அரைப் பரீட்சை போய்விடும். அதன் பிறகு, ‘இத்தனை நாள் போகாதவள் இனிப் போய் என்ன ஆகப் போகிறது?’ என்ற பேச்சு வரும். நமக்கு அந்தப் பேச்சு நன்கு பழக்கமானது.

நாம் இருவரும் சக்கரத்தைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். நம் நண்பர் விசை, திருகு விசை, உராய்வு எல்லாவற்றையும் கரும்பலகையில் வருஷந்தோறும் வரைகிறவர். நாமோ பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களைப் பத்துத் தலைப்பில் சொல்லக்கூடியவர். இரண்டு பேரிடமும் சேர்ந்து நான்கு பட்டங்கள் இருந்தன. அந்தச் சக்கரத்தின் ஒரு கம்பியை மாற்ற இருவருக்கும் தெரியவில்லை.

மேஸ்திரியின் பள்ளிக்கூடம்

சக்கரத்தைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றி, திருச்சி பாலக்கரையில் ஒரு கிழ மேஸ்திரியிடம் கொண்டு போனோம். விஷயத்தைக் கேட்ட அவர், “நானே செய்து கொடுத்தால் ஒரு மணி நேரம். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமை. எது வேண்டும், வாத்தியார் ஸார்?” என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும் தைரியம் நமக்கு எப்படி வந்ததோ தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அதுவரையில் நம் நண்பர் தம் மகளின் சைக்கிளைக் கொடுத்தனுப்பினார்.

சக்கரம் கட்டுவது ஓர் அற்புதக் கலை. ஒவ்வொரு கம்பியும் இழுவிசையில் நிற்கிறது. நரம்பு வாத்தியத்தின் தந்தி மாதிரி. ரிம்மின் வலப் பக்கத்துக் கம்பிகள் வலத்தே இழுக்கின்றன; இடப் பக்கத்தவை இடத்தே இழுக்கின்றன. இரண்டும் சமமானால் சக்கரம் நேராகச் சுழலும். ரிம் வலப்புறம் சாய்ந்து ஓடினால், அந்த இடத்தில் இடப்புறக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்கி, வலப்புறக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். கால் சுற்றுத்தான், ஆத்திரப்பட்டு ஒரு முழுச் சுற்றுத் திருகினால் கோட்டம் வேறோர் இடத்துக்குக் குடிபோய்விடும். கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தால் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. அறுந்த ஒரு கம்பியின் பாரத்தை அண்டையில் உள்ளவை தாங்குவதால் அவையும் ஒன்றன்பின் ஒன்றாக அறும். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பைத் தட்டிக் கழித்தால் மற்றவர் கதி என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூன்றாவது ஞாயிறு மாலையில் நாம் கட்டிய சக்கரம் சுழன்றது. மேஸ்திரி அதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, “ஓடும்” என்றார். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில்கூட நமக்கு இவ்வளவு சந்தோஷம் உண்டானதில்லை.

இதற்குள் நம் மனத்தில் ஓர் ஆசை வேரூன்றிவிட்டது. கற்ற வித்தை உண்மையில் கைவந்ததா என்று சோதிக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் திருச்சியிலிருந்து திருமயம் வரையில் போய்த் திரும்புவது. வழியில் எந்தச் சைக்கிள் கடையிலும் கால் வைப்பதில்லை என்று நாம் இருவரும் பிரதிக்ஞை செய்துகொண்டோம்.

வண்டி வாங்கும் படலம்

நம் நண்பரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. நம்முடையது இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிவிட்டது. ஆகவே ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

ஒரு காலத்தில் நம் நாட்டில் சைக்கிள் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததுதான். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தோன்றியது. 1951-இல் வடக்கே ஸோனிபத்தில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தொடங்கின. இருபது கிலோ எடையும் கறுப்புப் பூச்சும் கொண்ட அந்தப் பழைய ‘ரோட்ஸ்டர்’ சைக்கிள், பால்காரர், தபால்காரர், கீரை விற்கும் கிழவி, வாத்தியார் ஆகிய எல்லாரையும் சுமந்தது. அட்லஸின் கடைசித் தொழிற்சாலை 2020-ஆம் வருஷம் ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. தேதியின் பரிகாசத்தை என்னவென்று சொல்வது!

மேஸ்திரி நமக்குச் சொன்ன வாங்கும் விதிகளை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். பழைய வண்டியானால் முதலில் ரசீதைக் கேளுங்கள். சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். திருட்டு வண்டியில் புண்ணிய யாத்திரை போவது உசிதமல்ல. பிறகு வண்டிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் குந்தி, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நோக்குங்கள். ஹாண்டில்பாருக்குக் கீழே, முன் குழாயோடு சட்டம் சேருமிடத்தை விரலால் தடவுங்கள். அங்கே பூச்சு சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அந்த வண்டி எதிலோ மோதியிருக்கிறது. எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ‘கடக் கடக்’ என்றால் உள்ளே பால்ஸ் தேய்ந்திருக்கும், அல்லது காட்டர் பின் தளர்ந்திருக்கும். இவை சொற்பச் செலவில் சரியாகும். விலையைக் குறைத்துக் கேட்க உபயோகப்படும்.

புது வண்டியானால் அளவுதான் முக்கியம். குறுக்குத் தண்டுக்கு இருபுறமும் கால் பரப்பி நின்றால், தண்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். ‘வளர்கிற பிள்ளை’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்கு ஆகாது. கடைக்கு வண்டிகள் பாதி பூட்டியும் பூட்டாமலுந்தான் வந்து சேருகின்றன. கடைக்காரரின் ஆள்தான் முழுதும் பூட்டுகிறார். எனவே பூட்டுகிறவரின் கையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா மரைகளையும் ஒருமுறை இறுக்கிச் சோதிக்க வேண்டும்.

இருபத்தொரு கியர் வைத்த வண்டி வாங்கலாமா என்று நம் நண்பர் ஆசைப்பட்டார். “மலை ஏறப் போகிறீர்களா?” என்று மேஸ்திரி கேட்டார். இல்லை என்றோம். “அப்படியானால் கெட்டுப் போவதற்கு இன்னும் இருபது சாமான் எதற்கு?” என்றார். நாம் ஒரு பழைய ரோட்ஸ்டரை வாங்கினோம். முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி. பெடல் சக்கரத்தில் 44 பல். பின்னால் பிரீவீலில் 18 பல். ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர். அதாவது பத்தாயிரம் மிதிகள். நம் நண்பர் கணக்குப் போட்டுச் சொன்னபோது நம் முழங்கால்கள் இரண்டும் அதைக் கேட்டுக் கொண்டிருந்தன.

பத்தாயிரம் மிதி

தை மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடி மாதத்துக் காற்றில் இந்தப் பொட்டல் வெளியில் சைக்கிள் விடுவது மல்யுத்தம் செய்வதற்குச் சமானம். தை மாதத்தில் வாடையின் எச்சமாக வடகிழக்குக் காற்று மெல்ல வீசும். தெற்கே போகிறவர்களை அது முதுகில் கை வைத்துத் தள்ளிக் கொடுக்கும். திரும்பி வருகிறவர்களை என்ன செய்யும் என்பதை அன்று நாம் யோசிக்கவில்லை.

புறப்படுமுன் சீட்டின் உயரத்தைச் சரிபார்த்துக் கொண்டோம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது குதிகாலால் மிதிக்கக் கூடாது. விரல்களுக்குப் பின்னால் உள்ள பாதத்தின் முன்பகுதியால் மிதிக்க வேண்டும். அப்போது முழங்கால் இலேசாக மடங்கி நிற்கும். நம் தேசத்தில் பாதிப் பேருடைய முழங்கால் வலிக்குச் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பதே காரணம் என்பது மேஸ்திரியின் திடமான அபிப்பிராயம். வைத்தியர்கள் ஒப்புவார்களோ என்னவோ, நம் முழங்கால் ஒப்புக்கொண்டது.

விமான நிலையத்தைத் தாண்டியதும் பட்டணம் முடிகிறது. மாத்தூர் போனதும் பூமியின் நிறம் சிவக்கிறது. சாலையின் இரு மருங்கிலும் சரளை மண், நடுநடுவே கண்மாய்கள், ஆங்காங்கே பூமியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது போன்ற கரும்பாறைகள். பஸ்ஸில் நூறு தடவை இந்த வழியே போயிருக்கிறோம். ஆயினும் இந்தச் சாலை ஏறி இறங்குகிறது என்பதே அன்றுதான் நமக்குத் தெரிந்தது. சைக்கிள்காரனுக்குத்தான் பூமியின் உண்மையான வடிவம் தெரியும். பஸ்காரனுக்குத் தெரிவதெல்லாம் நிறுத்தங்களின் பெயரே.

பெருஞ்சாலையில் லாரிகள் விரைகின்றன. நாம் கைக்கொண்ட விதிகள் இவை: இடப்பக்க ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வது, பள்ளத்தை விட்டு விலகத் திடீரென்று வளையாமல் முன்கூட்டியே மெள்ள விலகுவது, திரும்புமுன் கை காட்டுவது, தலைக்கவசம் அணிவது, இருட்டுமுன் ஊர் போய்ச் சேருவது. இறக்கத்தில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துச் சிறுகச் சிறுகப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்குக்கு வலிமை அதிகம். அதை மட்டும் ஒரேயடியாகப் பிடித்தால் வண்டி நிற்கும், நாம் நிற்க மாட்டோம். மழையில் ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் பிடிக்கத் தாமதமாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கீரனூரில் இட்டிலி சாப்பிட்டோம். எத்தனை என்று சொல்ல நம் நண்பர் அனுமதிக்கவில்லை.

முள்ளும் ஒரு ஆசிரியையும்

நார்த்தாமலைக்குத் திரும்பும் வழியில் நம் பின் டயர் பெருமூச்சு விட்டது. இந்தப் பிரதேசத்தின் முதன்மையான விளைபொருள் சீமைக் கருவேல முள். பரீட்சை வந்துவிட்டது என்று எண்ணி, ஒரு புளியமரத்தடியில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினோம்.

டயரை லீவரால் எடுத்தோம். (திருப்புளியால் எடுக்கக் கூடாது, டியூபைக் கிழித்துவிடும். லீவர் இல்லாவிடில் கரண்டிக் காம்பு நல்லது.) டியூபில் காற்றடித்து, கொண்டுவந்த தண்ணீரைத் தகர டப்பாவில் ஊற்றி, அதில் முக்கிக் குமிழியைக் கண்டுபிடித்தோம். உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவினோம். தடவியதும் ஒட்டக் கூடாது; விரல் வைத்தால் ஈரம் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டுத்தான் ஒட்டு வைத்து அழுத்த வேண்டும். எல்லாம் சாஸ்திரோக்தமாகச் செய்து, டயரை மாட்டி, காற்றடித்து, வெற்றிப் புன்னகை புரிந்தோம். இருநூறு கெஜம் போனதும் டயர் மறுபடி பெருமூச்சு விட்டது.

அப்போது எதிரே ஓர் அம்மாள் சைக்கிளில் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஆண்கள் ஓட்டும் உயர்ந்த வண்டி. கேரியரில் ஒரு பெரிய புல்லுக்கட்டு. நம்மைக் கண்டதும் இறங்கினார்.

“என்ன ஸார், முள்ளா?”

“ஒட்டுப் போட்டோம் அம்மா. மறுபடியும் போய்விட்டது.”

“டியூபை ஒட்டினீங்க. டயரைத் தடவிப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. அந்த அம்மாள் டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். முள்ளின் முனை அங்கேயே குத்திக்கொண்டு நின்றது. முதல் பஞ்சரை ஒட்டிவிட்டு இரண்டாவது பஞ்சருக்கு நாமே ஏற்பாடு செய்திருக்கிறோம்!

“எங்கே அம்மா கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டோம்.

“அறிவொளியிலே” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் ஒரு பெரிய அத்தியாயமே இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் என்ற பெண்மணி அதற்கு முழு ஆதரவு அளித்தார். ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள், கல்லுடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், கிராம நர்ஸுகள், ஆசிரியைகள் என்று எல்லாரும், பொட்டல்களில் விழுந்தெழுந்து சைக்கிள் கற்றார்கள். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு உண்டாகிவிட்டது. ஆண்கள் வண்டியையே எடுத்து ஓட்டினார்கள். குறுக்குத் தண்டில் குழந்தையை உட்கார வைக்க அதுவே வசதி என்றும் கண்டுகொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது 1996-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது.

“ராத்திரியிலே கோயில் பொட்டல்லதான் கத்துக்கிட்டோம். பகல்லே ஆம்பளைங்க சிரிப்பாங்கன்னு. பதினைஞ்சு நாள்லே சிரிக்கிறதை விட்டுட்டாங்க” என்றார் அந்த அம்மாள். தண்டில் உட்கார்ந்து வந்த குழந்தை இப்போது நர்ஸாக இருக்கிறதாம். “அது ஸ்கூட்டர்லே போகுது. எனக்கு இதுதான். பெட்ரோல் கேக்காது, புல்லு கேக்காது.”

நம் மாணவியைப் பற்றிச் சொன்னோம். அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஓட்டக் கத்துக் கொடுத்தா பாதிதான் ஸார். ரிப்பேர் பாக்கக் கத்துக்கிட்டாத்தான் வண்டி நம்மளுது. இல்லேன்னா கடைக்காரனுது” என்று சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டோடு ஏறிப் போய்விட்டார். இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்தும் வன்மை நமக்கு இருபது வருஷ உத்தியோகத்தில் வரவில்லை.

கல்லில் எழுதிய பெயர்

நார்த்தாமலையில் வண்டிகளைப் பூட்டி வைத்துவிட்டு மேலமலையில் ஏறினோம். வழுக்குப் பாறையின் சரிவில், வானத்தைத் தவிர வேறு துணையில்லாமல், மேற்கு நோக்கி நிற்கிறது விஜயாலய சோழீசுவரம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சதுரமான சுவருக்குள் வட்டமான கர்ப்பக்கிருகம். சுற்றிலும் சிறு கோயில்கள். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள். அவற்றில் ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றின் ஓசையைத் தவிர வேறு சப்தம் கிடையாது.

சரித்திர உபாத்தியாயர் என்ற ஹோதாவில் நாம் நண்பருக்கு வாசலில் உள்ள கல்வெட்டின் செய்தியை விளக்கினோம். இளங்கோவதியரையன் என்ற முத்தரையர் தலைவன் இக்கோயிலைக் கட்டினான். மழையால் அது சேதமடைந்தபோது மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். இதைப் பல வருஷங்களாக வகுப்பில் சொல்லி வருகிறோம். ஆனால் டயர் முள் தந்த ஞானத்துக்குப் பிறகுதான் அதன் அர்த்தம் நமக்கே உறைத்தது. கட்டியவன் பெயரை எழுதுவது உலக வழக்கம். பழுது பார்த்தவன் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களே! அந்த இரண்டாவது மனிதன் இல்லாவிட்டால் முதல் மனிதனின் பெயரை நாம் எங்கே படித்திருக்கப் போகிறோம்?

மாலையில் திருக்கோகர்ணத்தைத் தாண்டிப் புதுக்கோட்டைக்குள் நுழைந்தோம். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் திருத்தி அமைத்த அகன்ற நேர்த் தெருக்கள் சைக்கிள்காரர்களுக்கென்றே போட்டவை போல் இருக்கின்றன. 1948-இல் இந்தியாவோடு இணையும் வரையில் இது தனி சமஸ்தானம். இரவு ஒரு விடுதியில் தங்கி, தூங்குமுன் வண்டிகளுக்குச் சிசுருஷை செய்தோம். துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். வழிய வழிய விட்டால் எண்ணெய் புழுதியைச் சேர்த்துக்கொண்டு செயினை அரமாக அராவும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும், ஆகாது. செயின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடவேண்டும். 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலமாகிவிட்டால் செயின் தேய்ந்துவிட்டது. மாற்றாவிட்டால் பல்சக்கரங்களையும் தின்னும்.

இன்னும் ஒரு சூக்ஷ்மம்: இடப்புறப் பெடலின் மரை மற்ற மரைகளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். இதை அறியாமல் பலம் உள்ள மட்டும் திருகியவர்கள் பலர். அவர்களில் நாமும் ஒருவர்.

திருமயம்

மறுநாள் காலை இருபது கிலோமீட்டர். சமவெளியில் ஒரே ஒரு குன்று. குன்றின் தலையில் கோட்டை. நெடுந்தூரத்துக்கு முன்பே அது கண்ணில் படுகிறது. ஆனால் மிதிக்க மிதிக்கக் கிட்டே வராமல் நின்று விளையாட்டுக் காட்டுகிறது. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டுவித்த கோட்டை இது. சாலையோரத்துக் கோட்டைச் சுவரில் பைரவர் இருக்கிறார். அந்த வழியே செல்லும் வாகன ஓட்டிகள் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே நம் இரண்டு சைக்கிள்களையும் நிறுத்திவிட்டு நாமும் ஒரு தேங்காய் உடைத்தோம்.

குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். கோட்டையின் உச்சியில் ஒரு பீரங்கி இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உருண்டை தின்றபடி ஊரைப் பார்த்தோம். தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊர் இது. 1939-இல் சென்னை மேயராக இருந்தபோது நகரின் தாகம் தீரப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். 1943-இல் காலமானார், அடுத்த வருஷந்தான் வேலை முடிந்தது. தாம் குடிக்காத தண்ணீருக்காகப் பாடுபட்டவர் பிறந்த மண்ணில் உட்கார்ந்து, ஐந்து போக்ஸ் கம்பிகளை மாற்றியதற்காக நாம் அடைந்திருந்த கர்வத்தை எண்ணிச் சற்று வெட்கப்பட்டோம்.

திரும்பும் வழியில் வடகிழக்குக் காற்று தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. முகத்தில் அறைந்த காற்றில், முதுகை வளைத்து, ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவரை மாற்றிக்கொண்டு மிதித்தோம். எதிர்க் காற்றில் பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறைவு. நம் நண்பர் தம் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க நின்றார் என்பதைச் சிநேகத்தை முன்னிட்டுச் சொல்லாமல் விடுகிறோம். மூன்றாம் நாள் மாலை திருச்சி சேர்ந்தபோது, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தோம். பஞ்சர் மூன்று, சைக்கிள் கடை ஒன்றும் இல்லை.

இப்போது நம் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு நடக்கிறது. வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பது, மாதம் ஒருமுறை கம்பிகளைச் சுண்டிப் பார்ப்பது, பிரேக் கட்டை தேய்வதைக் கவனிப்பது, டியூபை ஒட்டுமுன் டயரைத் தடவுவது ஆகியவையே பாடம். ஒரு பம்பு, இரண்டு லீவர், ஒரு ஸ்பானர், ஒட்டுச் சாமான் பெட்டி இவையே பாடப் புத்தகம். செலவு அற்பம். நேயர்களில் உபாத்தியாயர்களோ, பெற்றோர்களோ இருந்தால் அவரவர் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

அந்தப் பெண் அரைப் பரீட்சை எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். சென்ற வாரம் நம் வண்டியின் பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, “ஸார், இதிலே இரண்டு கம்பி தளர்ந்திருக்கு” என்று சொல்லித் தானே இறுக்கிக் கொடுத்தாள். அவளுடைய சக்கரம் மட்டும் இன்னும் ஒரு நூல் கோட்டமாகத்தான் சுழல்கிறது. அதை நேராக்கட்டுமா என்று கேட்டோம். “வேண்டாம் ஸார், நீங்க கட்டினது. நானே பார்த்துக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.